கோழிக்கூட்டில் ஆழ்கூளம்: மலையகத்து ஈரத்தில் அது எப்படி நிலைக்கும்?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். லயத்தின் பின்புறம், மண்மேட்டை ஒட்டி, 10 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட தகரக் கூரைக் கூட்டில் 30 முட்டைக் கோழிகளை வளர்க்கிறார். சீமெந்துத் தரையின் மேல் 2 அங்குல அளவுக்கு மரத்தூள் பரப்பி வாரந்தோறும் மாற்றி வந்தும், மே மாத மழை தொடங்கியதிலிருந்து கூட்டுக்குள் நிற்க முடியாதபடி நெடி அடிப்பதாகவும், நான்கைந்து கோழிகளின் கண்களில் நீர் வடிவதாகவும், பக்கத்து வீட்டார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடப் போவதாகச் சொல்லிவிட்டதாகவும் குறிப்பிடுகிறார். குளிருக்காகக் கூட்டின் நாற்புறத்தையும் உரப்பைகளால் மூடியிருக்கிறார். காய்கறித் தோட்டத்தில் மிஞ்சும் கோவா, லீக்ஸ் இலைகளை நாள்தோறும் கூட்டுக்குள் போடுகிறார். ஆழ்கூளம் (பழைய கூளத்தை அகற்றாமல் அதன் மேலேயே புதியதைச் சேர்த்து உயர்த்திக்கொண்டு போகும் தடித்த படுக்கை) போட்டால் ஒரு வருடத்துக்குத் துப்புரவு செய்யத் தேவையில்லை, அடியிலிருந்து சூடும் கிளம்பும் என்று உறவினர் ஒருவர் சொன்னதை நம்பலாமா, உமி நல்லதா மரத்தூள் நல்லதா, எத்தனை அங்குலம் போட வேண்டும், சுண்ணாம்பு கலக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கால்நடை வைத்தியரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு கோழிகளின் கண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது காத்திருக்கும் விடயமல்ல. நனைந்த எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணின் மேற்படலத்தையும் மூச்சுக்குழாயின் உட்படலத்தையும் புண்படுத்துகிறது. காற்றில் அது பத்து இலட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது கோழி வளர்ப்பில் பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. அதன் இருமடங்கில் சில நாட்கள் கிடந்தாலே கோழிகள் கண்ணை மூடிக்கொண்டு ஒடுங்கத் தொடங்கும், தீனி எடுப்பது குறையும், பிறகு முட்டையும் குறையும். ஆனால் முகம் வீங்கியிருந்தாலோ, மூக்கிலிருந்து நாற்றமுள்ள சளி வடிந்தாலோ, மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் கேட்டாலோ, அது தொற்று நோயாக இருக்கக்கூடும். கூளத்தை எவ்வளவு மாற்றினாலும் தீராது. அப்படிப்பட்ட கோழியைப் பிரித்து வைத்து, உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள். யாரோ சொன்னார்கள் என்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வாங்கித் தண்ணீரில் கலக்க வேண்டாம்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஆழ்கூளம் உங்கள் கூட்டுக்குப் பொருந்தும், ஆனால் இந்த மாதத்தில் அல்ல. கூட்டுக்குள் தண்ணீர் சேரும் வழிகளை முதலில் அடைத்துவிட்டு, அடுத்த ஜனவரி, பெப்ரவரி வெயிலில் தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. இப்போதிருக்கும் நிலையில் கூளத்தை 2 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக உயர்த்தினால், நனைந்த கூளம் நான்கு மடங்காகும், அவ்வளவுதான்.

இதை விளங்கிக்கொள்ள, ஆழ்கூளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். கோழி எச்சத்தில் நைதரசன் மிக அதிகம். காபன் அதைப்போல் பத்து மடங்கு அளவுக்குக்கூட இருப்பதில்லை. நுண்ணுயிர்கள் அதைச் சீராகச் சிதைத்து, நைதரசனைத் தம் உடலுக்குள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமானால், காபன் ஏறத்தாழ 25 முதல் 30 மடங்கு வரை இருக்க வேண்டும். உமியும் மரச்சீவலும் உலர்ந்த புல்லும் அந்தக் காபனைத்தான் கொடுக்கின்றன. கோழிகள் கிளறக் கிளறக் காற்று உள்ளே போகிறது, எச்சம் பொடியாகிக் கலந்துவிடுகிறது, நெடி எழுவதில்லை. இந்த ஏற்பாடு முழுவதும் கூளத்தின் ஈரம் 20 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கும்வரைதான் நடக்கும். அதற்கு மேல் போனால் இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும், கூளம் இறுகிப் பொருக்காகும், பிடிபட வேண்டிய நைதரசன் அமோனியாவாகப் பறக்கும். 1940களில் அமெரிக்காவின் ஒகையோ மாநில வேளாண் ஆய்வு நிலையத்தில் கென்னார்ட், சேம்பர்லின் ஆகியோர் பழைய கூளத்தை அகற்றாமல் அதன் மேலேயே கோழிகளை வளர்த்துப் பார்த்து, அவற்றின் நலம் கெடவில்லை, மேம்படுகிறது என்று கண்ட காலத்திலிருந்து இம்முறை பரவலாயிற்று. குளிர் நாட்டில் பிறந்த முறை என்பதால் குளிர் இதற்குப் பகையல்ல. பகை ஈரம்தான்.

உங்கள் கூட்டின் தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் எச்சமிடுகிறது. அதில் முக்கால் பங்கு தண்ணீர். 30 கோழிகளுக்கு நாளொன்றுக்கு 3.6 கிலோ எச்சம், அதாவது 2.7 லீற்றர் அளவுக்குத் தண்ணீர், 80 சதுர அடித் தரையில் வந்து விழுகிறது. இதைத் தவிர, அவை மூச்சுக் காற்றோடு வெளிவிடும் நீராவியும் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றருக்குக் குறையாது. கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ இந்தத் தண்ணீரைப் பகல் வெயிலும் காற்றும் எடுத்துக்கொண்டு போய்விடும். 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்று ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். 16 பாகையில் 14 கிராமைக்கூடத் தாங்காது. உங்கள் ஊரில் மழை மாதங்களில் காற்று குளிர்ந்திருப்பதோடு, ஏற்கெனவே நீராவியால் நிறைந்தும் இருக்கிறது. ஆகவே தாழ்நிலத்துக்கு எழுதப்பட்ட ஆழ்கூள ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொண்டால், தலவாக்கலையிலோ அற்றனிலோ அது காலை வாரிவிடும். அங்கே கூளமே தன்னைக் காயவைத்துக்கொள்ளும். இங்கே அதற்கு நாம் உதவ வேண்டும்.

உதவிகளில் மிகப் பெரியது, அதே நேரத்தில் செலவு குறைந்தது, கோழிகள் அடையும் தடிகளின் கீழே ஓர் எச்சப் பலகை அமைப்பதாகும். கோழியின் எச்சத்தில் ஏறத்தாழப் பாதி இரவில், தடியில் அடைந்திருக்கும் வேளையில்தான் விழுகிறது. ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்ற கணக்கில் 30 கோழிகளுக்கு 20 அடித் தடி வேண்டும். நீளச் சுவரோரமாக 10 அடித் தடிகள் இரண்டை, இடையில் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான தூரம் விட்டுப் பொருத்தினால் போதும். அவற்றின் கீழே, முக்கால் அடி இறக்கத்தில், 3 அடி அகலத்துக்குப் பழைய பலகையோ தட்டையான தகரமோ வைத்து, அதன் மேல் மெல்லியதாகச் சாம்பலோ மரத்தூளோ தூவிவிடுங்கள். காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒரு தகட்டால் வழித்து வாளியில் எடுத்துவிட்டால், ஒவ்வொரு நாளும் கூளத்தில் சேரவிருந்த தண்ணீரில் ஒரு லீற்றருக்கு மேல் வாசலைத் தாண்டி வெளியே போய்விடும். ஆழ்கூளம் வைத்திருப்பவர்கள் சிலர் இதைத் தேவையற்ற வேலை என்பார்கள். தாழ்நிலத்தில் அவர்கள் சொல்வது சரி. உங்கள் உயரத்தில் பலகையில்லாத ஆழ்கூளத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அடுத்தது தண்ணீர்ப் பாத்திரம். தரையில் வைத்த பேசினில் கோழி குடிக்கும்போது தாடியில் ஒட்டும் தண்ணீரும், கால் பட்டுச் சிந்தும் தண்ணீரும் சுற்றிலும் ஒரு சேற்று வளையத்தை உண்டாக்கிவிடும். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு வருமாறு உயர்த்துங்கள். அதைக் கூளத்தின் மேல் வைக்காமல், கம்பி வலை அறைந்த ஒரு சட்டத்தின் மேல், கதவருகே வையுங்கள். சட்டத்தின் கீழே ஒரு தட்டு இருந்தால் சிந்துவது அதில் விழும், நீங்களும் வெளியே நின்றபடியே ஊற்றிவிடலாம். கோழி கொத்தும்போது மட்டும் சொட்டும் நிப்பிள் குழாய் பூட்டிய வாளி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அது ஒழுகுகிறதா என்று அன்றாடம் பார்க்க வேண்டும்.

கோவா, லீக்ஸ் இலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலை கொடுப்பது தவறல்ல. ஆனால் கோவா இலையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதிகமாகக் கொடுத்தால் எச்சமும் தண்ணீராகவே போகும், தின்னாமல் மிதிபட்டது கூளத்துக்குள் அழுகும். லீக்ஸ் வெங்காய இனத்தைச் சேர்ந்தது, அளவு மீறினால் கோழியின் இரத்தத்தைக் கெடுக்கும் என்பதால் அதை நிறுத்திவிடுங்கள். கோவாவை ஒரு பிடி அளவில் கட்டி, கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டு, மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

மண்மேட்டை ஒட்டிய கூடு என்று எழுதியிருப்பதால் அடியிலிருந்து கசிவும் இருக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், மேட்டுப் பக்கத்துச் சுவரோரம் உள்ள மரத்தூளை ஒதுக்கிவிட்டுச் சீமெந்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே கறுப்பாக ஈரம் படர்ந்திருந்தால், கூளத்தை எத்தனை முறை மாற்றினாலும் பயன் கிடைக்காது. கூட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் ஓரடி ஆழத்துக்கு ஒரு கான் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் இறக்கிவிடுங்கள். மலைச்சரிவில் கான் வெட்டுவதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தாழ்வாரம் சுவருக்கு வெளியே 2 அடியாவது நீண்டிருக்க வேண்டும், கூரைத் தண்ணீர் விழும் இடம் கானுக்கு அப்பால் இருக்க வேண்டும்.

இனி உரப்பைகள். குளிரில் கோழி நடுங்குமே என்ற அன்பினால்தான் நாற்புறத்தையும் மூடியிருக்கிறீர்கள். ஆனால் இறகு உலர்ந்திருக்கும் வளர்ந்த கோழி 10 பாகைக் குளிரைக்கூடச் சிரமமில்லாமல் தாங்கும். ஈரமும் நேரடியாக அடிக்கும் காற்றும்தான் அதை வாட்டுகின்றன. மூடிய கூட்டில் இரவு முழுவதும் வெளிவிடும் மூச்சு, குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளிகளாகி, கூரைச் சட்டங்களின் வழியே ஊர்ந்து, ஒரே வரிசையில் கீழே சொட்டும். விடியற்காலையில் டோர்ச் அடித்துக் கூளத்தைப் பாருங்கள். சட்டத்துக்கு நேர் கீழே வரிசையாகக் கறுத்த ஈரப் புள்ளிகள் தெரிந்தால், அது ஒழுக்கல்ல, தகரம் வியர்த்ததுதான். ஆகவே, தரையிலிருந்து 2 அடி உயரம் வரை, கோழி தரையில் நிற்கும் மட்டத்தை அடைத்து வையுங்கள். தடியில் அடையும் பக்கத்தில் தலை மட்டத்துக்கு மேல் வரை அடையுங்கள். கூரைக்குக் கீழே ஓரடி அகலத்துக்கு இரண்டு நீளப் பக்கங்களிலும் வலை மட்டும் இருக்கட்டும். சாரல் அடிக்கும் தென்மேற்குப் பக்கத்தில் அந்த இடைவெளிக்கு வெளியே சாய்வாக ஒரு படங்குத் துண்டைத் தொங்கவிட்டால், மழை உள்ளே வராது, காற்று போய் வரும். மறந்துவிடாதீர்கள், மூடுபனியும் தண்ணீர்தான். மாலையில் அது இறங்கும் பக்கத்துத் திறப்பை மட்டும் இரவில் பாதியாக அடைக்கலாம்.

எந்தக் கூளம் நல்லது என்ற கேள்விக்கு, கிடைப்பவற்றுள் என் முதல் தெரிவு, மரஆலையில் இழைப்புளி இயந்திரத்திலிருந்து விழும் தடித்த மரச்சீவலும் உமியும் பாதிக்குப் பாதி கலந்ததுதான். உமி ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, ஆனால் இறுகாது, எளிதில் உக்காது, காற்றை உள்ளே விடும். சீவல் ஈரத்தை வாங்கிக்கொண்டு திருப்பியும் விட்டுவிடும். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்கிறது. உமி உங்கள் பக்கத்தில் விளைவதில்லை, மகியங்கனைப் பக்கத்திலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ லொறியில் ஏறி வர வேண்டும், செலவும் அதற்கேற்ப இருக்கும் என்பது எனக்குத் தெரியும். சீவல் மட்டும் கிடைத்தாலும் போதும். நீங்கள் இப்போது போடும் வாள் அறுத்த நுண்ணிய மரத்தூள் மட்டும் தனியாக வேண்டாம். அது உலர்ந்தால் மூச்சுக்குள் போகும் தூசி, நனைந்தால் மேலே பொருக்கு. ஆழ்கூளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சேர்க்காதீர்கள். மருந்தூட்டிய பலகையின் தூள், தளபாடக் கடையில் மெருகு பூசிய மரத்தின் தூள், ஒட்டுப் பலகையின் தூள் எதுவும் கூட்டுக்குள் வரக் கூடாது. ஆலையில் கேட்டு வாங்குங்கள்.

காசு கொடுக்காமல் கிடைப்பவையும் தோட்டத்தில் உண்டு. தேயிலை பிடுங்கிய மலைகளில் மண்ணைத் தேற்றுவதற்காக நடும் மானாப்புல்லும் குவாத்தமாலாப் புல்லும், வெட்டி நன்றாகக் காயவைத்து, 2 அங்குலத் துண்டுகளாக நறுக்கினால் நல்ல கூளமாகும். நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு எடுங்கள். நறுக்காமல் நீளமாகப் போட்டால் பாய் முடைந்ததுபோல் பின்னிக்கொள்ளும், கோழியால் கிளற முடியாது. கிரேவிலியாச் சருகு நொறுங்கும் தன்மையுள்ளது, உலர்ந்ததாக இருந்தால் கலக்கலாம். பைன் ஊசியிலை எளிதில் உக்குவதும் இல்லை, அதிகம் உறிஞ்சுவதும் இல்லை. கொஞ்சம் சேர்த்தால் கூளம் இறுகாமல் இருக்கும். கவ்வாத்து மிலாறு, அதாவது கத்தரித்த தேயிலைக் குச்சிகள், கூட்டுக்குள் வேண்டாம், அதன் வெட்டு முனைகள் பாதத்தைக் குத்திப் புண்ணாக்கும். வெளியே கோழி மேயும் சேற்றில் பரப்ப அது மிக நல்லது. தும்புத்தூள் தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது என்பதால் ஈர மலைக்கு ஏற்றதல்ல. தொழிற்சாலையில் கழிக்கும் தேயிலைத் தூளை எடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கழிவுத் தேயிலையை வைத்திருப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. அதைத் தவிர அதிலுள்ள கபேன் கோழிக்கு நஞ்சு. அதைத் தொடவே வேண்டாம்.

எதை எடுத்தாலும், மூட்டையை அவிழ்த்ததும் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சண மணம் வந்தாலோ வெண்மையாகப் படர்ந்திருந்தாலோ அந்த மூட்டையைக் கூட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அந்தப் பூஞ்சணத்தின் வித்துகள் நுரையீரலில் தங்கி நோயை உண்டாக்கும், குஞ்சுகளுக்கு அது உயிராபத்து. வெயில் கிடைக்கும் நாளில் படங்கில் பரப்பிக் காயவைத்து, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வைக்கும் பழக்கம் மழைக்காலத்தில் கைகொடுக்கும்.

அளவைச் சொல்கிறேன். தொடக்கத்தில் 4 அங்குலம் போதும். உங்கள் 80 சதுர அடித் தரைக்கு அது ஏறத்தாழ 27 கன அடி. 50 கிலோ உரம் வரும் பையில் நிரப்பினால் 10 முதல் 12 பைகள் வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு பைகளைப் புதிதாகத் தூவி, மூன்று நான்கு மாதத்தில் 8 அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் நாளே 8 அங்குலம் கொட்டுவதில் பயனில்லை. எச்சமும் கூளமும் சேர்ந்து வளரும்போதுதான் நுண்ணுயிர்கள் பெருகும். குளிரில் அவை மெதுவாகவே பெருகும் என்பதால், மழை தொடங்குமுன் அவற்றுக்கு மூன்று மாதமாவது கிடைக்க வேண்டும். தென்மேற்கு மழையை வாங்கும் அற்றன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலை எதிர்பார்க்கலாம் என்பதால்தான் அந்தக் காலத்தைச் சொன்னேன். பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை வாசகர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு வடகீழ்ப் பருவ மழைதான் பெரிது, தென்மேற்கிலிருந்து உலர்ந்து வரும் கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களே தொடங்குவதற்கு உகந்தவை.

அன்றாடம் பார்க்க வேண்டியவை இரண்டு. காலையில் கூட்டைத் திறந்ததும், நின்றபடி முகராமல், கோழியின் தலை மட்டத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் அமோனியா ஏற்கெனவே அளவு மீறிவிட்டது. நாள்தோறும் போய் வருபவரின் மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிடும் என்பதால், கூட்டுக்குப் போகாத ஒருவரை இடையிடையே கூப்பிட்டுக் கேளுங்கள். முறையிடும் அந்தப் பக்கத்து வீட்டாரையே கேட்டாலும் நல்லதுதான், கோபமும் தணியும். இரண்டாவது, கூளத்தின் நடு ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். அது பிட்டுக்குக் குழைத்த மாவைவிடச் சற்று உலர்ந்ததாக, பிடிக்கும்போது ஒட்டி, விரல்களை விரித்ததும் தானாக உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். உலர்ந்த கூளத்தைச் சேருங்கள். ஒட்டவே ஒட்டாமல் தூசி பறந்தால் உலர்வு அதிகம். உங்கள் ஊரில் அந்தக் கவலை வர வாய்ப்பில்லை.

வாரத்தில் ஒருநாள், மழையில்லாத நண்பகலில், கோழிகளை வெளியே விட்டுவிட்டு முள்ளுக் கரண்டியால் அடிவரை கிளறிப் புரட்டுங்கள். கிளறும்போது அடைபட்டிருந்த அமோனியா மேலே வரும். அது வெளியேறிய பின்பே கோழிகளை உள்ளே விடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியும் கதவடியிலும் இறுகிய பொருக்கு இருந்தால், அதை உடைத்துக் கலக்காமல் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். மற்ற நாட்களில் கோழிகளே கிளறிக்கொள்ள வேண்டும். மாலையில் இரண்டு கை உடைத்த சோளத்தைக் கூளத்தில் வீசிவிட்டால், அரைமணி நேரம் மூலை முடுக்கெல்லாம் சீய்த்துவிடும். கூளம் உலர்ந்திருந்தால் ஈயும் அதில் பெருகாது, ஏனெனில் புழு வளர்வதற்கு ஈரமான எச்சம் வேண்டும்.

சுண்ணாம்பைப் பற்றிப் பலரும் தவறாகவே கேள்விப்பட்டிருக்கிறார்கள். நீற்றுச் சுண்ணாம்பு ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அது கூளத்தின் காரத்தன்மையை உயர்த்துகிறது, காரம் ஏற ஏற எச்சத்திலுள்ள நைதரசன் அமோனியாவாகப் பறப்பது கூடுகிறது. நனைந்த கூளத்தில், கோழிகள் உள்ளே இருக்கும்போது, சுண்ணாம்பு கொட்டுவது அவற்றின் கண்ணில் கொட்டுவதற்குச் சமம். அடுப்புச் சாம்பலும் காரம்தான்; எச்சப் பலகையில் தூவுவதற்கும், ஒரு பெட்டியில் மணலோடு கலந்து கோழி புழுதி குளிப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள், கூளத்தில் கலக்க வேண்டாம். தோட்டங்களில் எளிதில் கிடைக்கும் டொலமைட் கூட்டில் எதற்கும் உதவாது. அது கரையவே பல மாதங்களாகும், கிருமியைக் கொல்லாது, ஈரத்தையும் எடுக்காது. சுண்ணாம்பின் இடம் வெறும் தரை: கூளம் முழுவதையும் அகற்றிய பிறகு, தரையையும் சுவரையும் கழுவிக் காயவைத்து, சுண்ணாம்புப் பால் பூசி, அது முற்றாக உலர்ந்த பின் புதுக் கூளம் போடுங்கள்.

அடியிலிருந்து சூடு கிளம்பும் என்று உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பசளைக் குவியல் 55, 60 பாகைக்குச் சூடேறுவது, அது மேடாகக் குவிந்து, பாதியளவு ஈரத்தோடு இருக்கும்போது. அந்த ஈரம் கூட்டுக்குள் இருந்தால் கோழியால் வாழ முடியாது. சரியாகப் பராமரித்த கூளம் அப்படிச் சூடேறாது. சீமெந்துத் தரையின் குளிர் காலில் ஏறாமல் தடுப்பதே அதன் உதவி, அதுவே போதுமானது.

ஒரு வருடத்துக்குத் துப்புரவு வேண்டாம் என்பதும் அப்படித்தான். அள்ளிக் கொட்டும் வேலை குறையும். நாளாந்தம் பலகை வழிப்பதும், பிடித்துப் பார்ப்பதும், பொருக்கு எடுப்பதும் குறையா. ஒரு தொகுதி முட்டைக் கோழிகள் ஏறத்தாழ 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி 75, 80 வாரம் வரை நிற்கும். அந்தக் காலம் முழுவதும் ஒரே கூளத்தில் நடத்தலாம், ஆனால் மழைக்காலத்துக்கு முன் ஏப்ரலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதியது சேர்த்துக்கொள்வதை நான் விரும்புகிறேன். கூட்டில் நோய் வந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கூளம் முழுவதும் வெளியேற வேண்டும். அதேபோல் வேறொருவரின் பண்ணையிலிருந்து பழைய கூளத்தை வாங்கிவந்து தொடங்காதீர்கள். அதனுடன் என்னென்ன வரும் என்று சொல்ல முடியாது. புதிதாகக் குஞ்சு வாங்கினால், பழைய கூளத்தில் விடாமல் வேறிடத்தில் புது உமியில் வளருங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும் ஆபத்து அதிகம். அந்த நோயின் முட்டைகள் ஈரமான கூளத்தில் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலைக்கு முதிர்ந்துவிடும். எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே மருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியவை: மேல் உரப்பைகளைக் கழற்றுவது, நனைந்த மரத்தூள் முழுவதையும் எடுத்துத் தரையை உலரவிட்டு, 4 அங்குலச் சீவல் போடுவது, எச்சப் பலகை அறைவது, கான் வெட்டுவது. மழை ஓயும்வரை அந்தக் கூளத்தை ஆழ்கூளமாக்க முயலாமல், நெடி தொடங்கும்போது நனைந்த பகுதியை மட்டும் எடுத்துப் புதியதைப் போட்டு ஓட்டுங்கள்.

எடுத்த கூளத்தையும் பலகையில் வழித்ததையும் கூட்டிலிருந்து தள்ளி, கூரையின் கீழோ படங்கு போர்த்தியோ, 3 அடி உயரத்துக்குக் குவியுங்கள். சருகோடு கலந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால், மூன்று நான்கு மாதத்தில் நெடியற்ற பசளையாகும். உக்காத கூளத்தைப் பச்சையாகக் கரட்டுக்கோ கோவாவுக்கோ போட்டால் வேர் கருகும், கிருமியும் சாப்பாட்டுக்கு வரும். தேயிலைச் செடிக்கு மட்டும் இதைப் போடாதீர்கள்: முட்டைக் கோழித் தீனியிலுள்ள சுண்ணாம்புச் சத்து எச்சத்தோடு இறங்குவதால் இந்தப் பசளை மண்ணின் புளிப்பைக் குறைக்கும், தேயிலைக்கோ புளிப்பு மண்தான் வேண்டும். காய்கறிப் பாத்திகளுக்கும், வேலியோரத்து வாழைக்கும் தாராளமாகப் போடலாம்.